கேட்காத செய்திக்குச் சொன்ன ரோஜர்

நான் வேலை பார்த்த துறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியும்; வாங்கிப் படிக்கிறவருக்குப் புரியுமா என்பதுதான் சந்தேகம். ஆகவே ஒன்றைப் பெரிய துறை என்றும் மற்றதைச் சின்னத் துறை என்றும் வைத்துக்கொள்கிறேன். வெள்ளம், தீ, விபத்து, திருவிழா நெரிசல் எது வந்தாலும் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். பெரிய துறையில் ஆள் அதிகம். சின்னத் துறையில் வண்டி பெரிது. நான் பெரிய துறையின் ஒயர்லெஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சுற்றறிக்கை எந்தக் கோப்பில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பேர் வாங்கியிருந்தேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு கீரமங்கலத்தில் வீட்டோடு இருந்து, செய்தித்தாளில் வரும் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்த என்னை, ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அலுவலகக் கடிதம் ஒன்று தேடி வந்தது. இரண்டு துறைகளும் புதிதாக டிஜிட்டல் வாக்கி டாக்கி வாங்கியிருக்கின்றன; அவற்றைச் சோதித்து ஏற்கும் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி; அந்த வெளியாளாக நான் வர வேண்டும். முப்பத்து நாலு வருடம் உள்ளே இருந்தவனை வெளியாள் என்றதுதான் அந்தக் கடிதத்தின் முதல் தவறு. அதைச் சுட்டிக்காட்டி ஒரு பதில் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

புதிய செட் வாங்கியதில் தவறில்லை. கஜா புயலுக்குப் பிறகு பல நாள் இந்தப் பக்கத்தில் செல்போன் என்பது டார்ச் லைட்டாக மட்டுமே பயன்பட்டது. அப்போது பேசியவை எங்கள் பழைய ஒயர்லெஸ் செட்டுகள்தான். கரகரவென்று பேசின, ஆனால் பேசின. அவற்றுக்கு வயதாகிவிட்டது, உதிரி பாகம் கிடைப்பதில்லை, மாற்றத்தான் வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

டிஜிட்டல் என்ற சொல்லுக்கு எங்கள் அலுவலகங்களில் ஒரே அர்த்தம், புதிது என்பது. புதிதெல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். பழைய செட்டில் குரல் அப்படியே அலையில் ஏறிப் போகும். புதிய செட் குரலை எண்களாக நறுக்கி மூட்டை கட்டி அனுப்புகிறது. வாங்குகிற செட் மூட்டையைப் பிரித்து மறுபடி குரலாக்குகிறது. மூட்டை கட்டும் முறைக்குத்தான் தரநிலை என்று பெயர். டெட்ரா, பி-25, டி.எம்.ஆர். என்று உலகத்தில் சில முறைகள் இருக்கின்றன. பெரிய துறை பி-25 வாங்கியது. சின்னத் துறை டி.எம்.ஆர். வாங்கியது. ஒன்று கட்டிய மூட்டையை மற்றது பிரிக்காது. விற்க வந்த இரண்டு கம்பெனிக்காரர்களும் 'ஓபன் ஸ்டாண்டர்டு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் பொய் இல்லை. அந்த முறையில் எந்தக் கம்பெனியும் செட் செய்யலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த முறையில் செய்த செட் அந்த முறையில் செய்த செட்டோடு பேசும் என்று யாரும் எங்கும் எழுதவில்லை. வாங்கியவர்கள் அப்படிப் படித்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இரண்டு செட்டுக்குள்ளும் பழைய முறையில் பேசும் வசதி இருந்தது. ஒரே ஒரு சேனலைப் பழைய முறையில் இரண்டு துறைக்கும் பொதுவாக ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 'முழுவதும் டிஜிட்டல் மயம்' என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்ததால், முழுவதும் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து, இரண்டு துறைகளும் அந்த வசதியைப் பூட்டிவிட்டே செட்டுகளை வாங்கியிருந்தன.

ஒயர்லெஸ் பிரிவின் பொறுப்பில் அப்போது இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. என் கடைசிப் பத்து வருடம் என்னோடு வேலை பார்த்தவர். செட்டின் ஒயர்களைப் பற்றவைக்கும் வேலையில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மேலதிகாரி முன்னால் மட்டும் குரல் கொஞ்சம் நடுங்கும். வீடு அறந்தாங்கியில். கணவர் குவைத்தில். மகள் பிளஸ் டூ படித்தாள். பக்கவாதம் வந்த மாமியாரை அவர்தான் பார்த்துக்கொண்டார். காலையில் மாமியாரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பஸ் ஏறிப் புதுக்கோட்டை வந்து, சாயங்காலம் திரும்பிப் போய் மறுபடி ஊட்டிவிட வேண்டும். வேலை புதுக்கோட்டையில் இருக்கும் வரைக்கும்தான் இந்த ஏற்பாடு நடக்கும்.

குழு கடைசியில் தர வேண்டிய சான்றிதழில் இரண்டு வாசகங்கள் அச்சாகியிருந்தன. மாவட்டத்தின் எல்லா நிலையங்களிலும் செய்தி தெளிவாகக் கேட்கிறது என்பது ஒன்று. இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச முடிகிறது என்பது இன்னொன்று. வெளியாளான நான் போடுவது ஒப்புக்கு ஒரு கையெழுத்து. பொறுப்பான கையெழுத்து அவருடையது. நாளைக்கு ஏதாவது நடந்து ஓர் உயிர் போனால் முதலில் இந்தக் கோப்பைத்தான் எடுப்பார்கள். அதில் அவர் பெயர் இருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலதிகாரி முதல் நாளே மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போடுறது கஷ்டமா இருந்தா சொல்லும்மா. கஷ்டமே இல்லாத ஊரா, குளுகுளுன்னு இருக்கிற எடமாப் பாத்து அனுப்பி வைக்கிறேன்."

மேற்கே மலைப்பக்கம் என்று அர்த்தம். அறந்தாங்கியிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம். அந்த அம்மாள் சல்யூட் அடித்துவிட்டு வந்தார்.

செயல்விளக்கம் அலுவலக வளாகத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. டீயும் பிஸ்கட்டும் முதலில் வந்துவிட்டதால் விழா வெற்றி என்பது அப்போதே முடிவாகிவிட்டது. பெரிய துறைக்காரர் ஒருவரை ஷாமியானாவின் இந்த ஓரத்திலும் சின்னத் துறைக்காரர் ஒருவரை அந்த ஓரத்திலும் நிறுத்தினார்கள். நடுவில் முப்பது அடி இருக்கும். இவர் தன் செட்டை வாயருகே பிடித்து, அங்கே செய்தி கேட்கிறதா என்றார். அவர் தன் செட்டை வாயருகே பிடித்து, நன்றாகக் கேட்கிறது, மேலே சொல்லுங்கள் என்றார். கேட்காமல் என்ன செய்யும்? இருவரும் திருவிழாக் கூட்டத்தில் கத்திப் பழகியவர்கள். சின்னத் துறைக்காரரின் செட்டில் செய்தி வரும்போது எரிய வேண்டிய விளக்குகூட எரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். கம்பெனிப் பொறியாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள்.

நான் எழுந்து போய், அந்த இருவரையும் செட்டுகளை மேசையில் வைத்துவிட்டு அதே இடத்தில் நின்று மறுபடி பேசச் சொன்னேன். பேசினார்கள். முன்பு கேட்டது போலவே கேட்டது. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து, "செட்டு இல்லாமலே கேக்குதுன்னா இன்னும் நல்லதுதானே சார்?" என்றார். கேலியா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தூரச் சோதனை நடத்தாமல் சான்றிதழ் தரக்கூடாது என்று நடைமுறை நூலில் இருப்பதைப் பத்தி எண்ணோடு சொன்னேன். பத்தி எண் சொன்னால் எந்த அதிகாரியும் ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் சோதனைக்கு நாள் வாங்கினேன். பத்து நிலையங்கள். கன்ட்ரோல் ரூமிலிருந்து அந்த அம்மாள் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் எங்கள் ஊர் நிலையத்திலேயே உட்கார்ந்து கவனிப்பதாகச் சொல்லிவிட்டேன்.

அங்கே மைக் டூட்டியில் இருந்தவர் ஐம்பதை நெருங்கியவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். குறித்த நேரத்துக்குச் செட்டின் திரையில் கன்ட்ரோல் ரூமின் பெயர் வந்தது. விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியிலிருந்து, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர் அவசரமாகப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம் வந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. டிஜிட்டலின் குணம் அது. பழைய செட்டில் அலை பலவீனமானால் இரைச்சல் கூடும்; ஆனாலும் இரைச்சலுக்குள்ளே ஆள் பேசுவது பாதியாவது கேட்கும். புதிய செட்டில் பளிங்கு போலக் கேட்கும், அல்லது கொப்பளிக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. நடுவாந்திரம் கிடையாது.

அவர் மைக்கை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, "ரோஜர் மேடம்" என்றார். வைத்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் கன்ட்ரோல் ரூமில் இருந்த டிரைவரைக் கூப்பிட்டார். மேடம் இப்போது மைக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அங்கிருந்து வந்ததைப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, நேரம் போட்டு, கீழே கோடு கிழித்தார்.

"ஏன்யா, கேக்கலைன்னு மைக்கிலேயே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அதெப்படிங்கய்யா, மேல உள்ளவங்ககிட்டப் போயிக் கேக்கலைன்னு சொல்றது? ரோஜர்னு சொல்லிப்புட்டு அப்புறமா வெசாரிச்சுக்கிற வேண்டியதுதான். எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான்."

ரோஜர் என்றால், நீங்கள் சொன்னது முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது என்று அர்த்தம். உலகம் முழுவதும் அதுதான் அர்த்தம். எங்கள் மாவட்டத்தில் மட்டும், நான் தூங்கவில்லை ஐயா, நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். பழைய செட்டு காலத்தில் இதனால் பெரிய கெடுதல் வரவில்லை. பாதி கேட்டிருக்கும், மீதியை ஊகித்துக்கொள்வார்கள், ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். இப்போது ஒன்றுமே கேட்காமல் சொல்கிறார்கள். அந்த ரோஜரும் பாதி கொப்பளித்துத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் ரோஜரில் கால்வாசி போய்ச் சேர்ந்தாலே எதிர்ப்பக்கத்துக்குப் போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்தால் கறம்பக்குடியிலிருந்து கடலோரம் வரைக்கும் பத்துக்குப் பத்து ரோஜர். மேலதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சான்றிதழைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த அம்மாளின் அறைக்குப் போய்க் கத்தினேன். இந்தப் பதிவேட்டை அடுப்பில்தான் வைக்க வேண்டும் என்றேன். செல்போன்களைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி சோதனை நடத்த வேண்டும், ரோஜரை ஏற்கக் கூடாது, சொன்ன செய்தியை வரிக்கு வரி திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும், நடைமுறை நூலில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை என்று சொல்லக்கூட வாய் வராத இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு எந்தத் தரநிலையை வாங்கி என்ன என்றேன். அவர் நான் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது," என்றார். "கேக்கலைன்னு சொன்னதுக்கு மெமோ கொடுக்குற வழக்கத்தை ஆரம்பிச்சு வச்சதே நீங்கதான்."

எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தேரோட்டப் பந்தோபஸ்தில் மூன்று முறை, கேட்கவில்லை திரும்பச் சொல்லுங்கள் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். நெரிசலான நேரத்தில் தேவையற்ற குறுக்கீடு செய்து அலைவரிசை நேரத்தை வீணடித்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நான் மெமோ கொடுத்திருக்கிறேன். அவருக்கு மட்டுமல்ல, அந்த வருடம் எட்டுப் பேருக்கு.

"இன்னும் வச்சிருக்கேங்கய்யா. ஒரு பிழைகூட இருக்காது அதுல."

அந்த மெமோக்கள் நன்றாக வேலை செய்தன என்பது மட்டும் அப்போது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு 'கேட்கவில்லை' என்று மைக்கில் யாரும் சொல்லவே இல்லை. சேனல் சுத்தமாக இருந்தது. ஒயர்லெஸ் பிரமாதமாக வேலை செய்கிறது என்று நானே மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன், இரண்டு வருடம் தொடர்ந்து.

பிறகு அவர்தான், மறு சோதனையை வைத்துவிடலாம் என்றார். வைத்தால் முடிவு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். வந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது என்பதும் தெரியும். யோசித்துச் செய் என்று நான் சொன்னேன். அதைவிடக் கையாலாகாத வார்த்தையை நான் பணியில் இருந்த காலத்தில்கூடச் சொன்னதில்லை.

இந்த முறை நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். பத்து நிலையங்களிலும் செல்போன்களை வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறு வேறு செய்தி. கண்மாய்க் கரையில் ஏழு பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவரால் நடக்க முடியாது, ஸ்ட்ரெச்சர் வேண்டும், தெற்குக் கரைப் பாதை உடைந்திருக்கிறது, வடக்கே சுற்றிப் போக வேண்டும் என்கிற மாதிரி. பத்தில் நாலு நிலையங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். மற்ற ஆறும் ரோஜர். திருப்பிச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் வற்புறுத்தினால் மறுபடி ரோஜர். ஒருவர், மேடம் எப்படிச் சொன்னார்களோ அப்படியே செய்துவிடுகிறோம் என்றார். எங்கள் ஊர்க்காரர் இருமினார். கறம்பக்குடிக்காரர் மூன்று முறை ரோஜர் சொல்லி, நாலாவது முறை, "நான் நேர்லயே வாரேன் மேடம்" என்றார். நிஜமாகவே பைக்கில் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கதவருகில் நின்று, கன்ட்ரோல்ல ஏதோ கூப்பிட்டீங்களாமே, என்ன சேதி என்று கேட்டார். சின்னத் துறையின் நிலையங்களையும் கூப்பிட்டுப் பார்த்தோம். அவர்களுடைய செட்டில் விளக்கே எரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மேலதிகாரி இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முந்தின நாள் கேட்டது இன்றைக்கு எப்படிக் கேட்காமல் போகும், யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள் என்றார். யாரோ என்றபோது என்னைப் பார்த்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் சான்றிதழ் தன் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அச்சடித்த படிவத்தில் செய்தியின் தரத்துக்கு இரண்டே கட்டங்கள் இருந்தன: 'தெளிவு', 'மிகத் தெளிவு'. கேட்கவில்லை என்பதற்குக் கட்டமே இல்லை. படிவத்தை வடிவமைத்தவரும் என்னிடம் மெமோ வாங்கியவராக இருக்கலாம்.

அந்த அம்மாள் படிவத்தை எதிரே வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மணி நாலாகியிருந்தது. அவர் தயங்குகிறார் என்று நினைத்து, வேண்டுமானால் நான் முதலில் கையெழுத்துப் போட மறுத்துக் கடிதம் தருகிறேன், பழி என் மேல் விழட்டும் என்றேன்.

"அதெல்லாம் இல்லைங்கய்யா. மலையேறுற பஸ்ஸுல மாமியாரை எப்படி உக்கார வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். படுக்க வச்சாத்தான் முடியும். வேன்தான் பிடிக்கணும்."

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். அச்சடித்த இரண்டு வாசகங்களையும் கோடிட்டு அடித்தார். பக்கத்தில், 'இல்லை. விவரம் இணைப்பில்' என்று எழுதினார். இணைப்பில் பத்து நிலையங்களையும் வரிசையாகப் போட்டு, அனுப்பிய செய்தி என்ன, வந்த பதில் என்ன என்று சொல்லுக்குச் சொல் எழுதினார். இருமலையும் எழுதினார். கடைசியில் நாலு பரிந்துரைகள். ஆறு நிலையங்களுக்கு அலை சரியாக எட்ட, அலையை வாங்கிப் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டர் கருவியை வேறு உயரத்தில் வைக்க வேண்டும். பழைய முறையில் ஒரு பொதுச் சேனலைத் திறக்க அனுமதி வாங்க வேண்டும். அது வரைக்கும் கன்ட்ரோல் ரூமில் இரண்டு துறைச் செட்டுகளுக்கும் நடுவில் எந்நேரமும் ஒருவர் உட்கார்ந்து, இதில் கேட்டதை அதில் சொல்ல வேண்டும். ரோஜர் மட்டும் சொன்னால் செய்தி போகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

என் பங்குக்கு நான் செய்தது ஒன்றுதான். நல்ல செய்தி அல்லாத இணைப்புகள் வழியில் கழன்று விழுந்துவிடும் என்பது எனக்குத் தெரியும், நானே கழற்றியிருக்கிறேன். அதனால் சான்றிதழின் கடைசி வரியில் 'இணைப்பு இன்றி இச்சான்று செல்லாது' என்று எழுத வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மொத்தப் பக்க எண்ணோடு சேர்த்து எண்ணிட்டு, எல்லாப் பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோப்பு மேசைக்குப் போனது. அந்த அம்மாள் அறந்தாங்கி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. தினமும் தபாலைப் பார்த்தபடி இருப்பதாகப் போனில் சொன்னார். மகளுக்கு அங்கே பள்ளி மாற்ற முடியாது, தன் தங்கை வீட்டில் விட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இடமாற்ற உத்தரவுக்கு எதிராக மனுச் செய்யும் வழிமுறைதான். அதைச் சொன்னேன். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நாலாவது வாரம் கூப்பிட்டார். "ஆர்டர் வந்துருச்சுங்கய்யா."

"எங்கிட்டு?"

"இங்கிட்டுத்தான். கன்ட்ரோல் ரூம். ரெண்டு செட்டுக்கும் நடுவுல."

பரிந்துரை எழுதியவரையே பரிந்துரையில் உட்கார வைப்பது எங்கள் துறையின் பழைய தண்டனை. பிரிவின் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரை ஷிப்டில் போட்டுவிட்டார்கள். பதவியில் அது ஒரு படி இறக்கம். மேலதிகாரி அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் புதுக்கோட்டை புதுக்கோட்டைதான், அறந்தாங்கி பஸ் அறந்தாங்கி பஸ்தான். காலை ஷிப்டு வருகிற வாரங்களில் மட்டும் மாமியாரைக் குளிப்பாட்டுவது மகளின் வேலையாகிவிட்டது என்றார். வருத்தமா சந்தோஷமா என்று குரலில் தெரியவில்லை. ரிப்பீட்டரை மாற்றுவது பற்றி இனிமேல்தான் குழு அமைப்பார்களாம். பொதுச் சேனலுக்கான கோப்பு டெல்லிக்குப் போயிருக்கிறதாம். அந்த 'ஆம்' எனக்குப் பழக்கமான விகுதி.

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை வருடா வருடம் கருவூலத்தில் நேரில் போய் நிரூபிக்க வேண்டும். அதற்காகப் புதுக்கோட்டைக்குப் போன ஒரு பகலில் நல்ல மழை. வேலை முடிந்ததும், மழை விடும் வரைக்கும் இருக்கலாமென்று கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அவர் வலது பக்கம் பெரிய துறையின் செட்டும் இடது பக்கம் சின்னத் துறையின் செட்டுமாக உட்கார்ந்திருந்தார். கறம்பக்குடிப் பக்கம் இடி விழுந்து செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

வலது பக்கச் செட்டில் செய்தி வந்தது. கொப்பளித்தபடி வந்தது. அவர் மூன்று முறை திரும்பக் கேட்டார். கறம்பக்குடிக்காரரும் மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மழையில் ஒரு வீட்டின் மண்சுவர் இடிந்து புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே மாட்டியிருக்கிறார்கள்; குரல் கேட்கிறது; ஊருக்குள் போகும் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது, பெரிய வண்டி அந்த வழியாக வரக் கூடாது, பள்ளிக்கூடத்துப் பின்பக்கப் பாதையில் வர வேண்டும். அவர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு இடது பக்கத்து மைக்கை எடுத்தார். சின்னத் துறையின் நிலையத்துக்கு அப்படியே சொன்னார்.

அங்கிருந்து, "ரோஜர்" என்று வந்தது. வயதான, அனுபவமுள்ள குரல்.

"ரோஜர் வேணாம்ணே. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

மைக் அழுத்தும் சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. பின்னணியில் வண்டியை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, வண்டியை நிப்பாட்டுங்க. சொன்னதைச் சொல்லிட்டுக் கெளம்புங்க."

வண்டிச் சத்தம் அடங்கியது. பிறகு அந்தக் குரல், இந்த முறை அனுபவத்தைக் குறைத்துக்கொண்டு, "ஊர்ப் பேரு மட்டுந்தாம்மா வெளங்குச்சு. மிச்சத்தைச் சொல்லும்மா" என்றது.

அவர் மறுபடி சொன்னார், வரி வரியாக. அந்தப் பக்கத்தவரும் வரி வரியாகத் திருப்பிச் சொன்னார். பாலம் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் என்பதை இரண்டு தடவை சொன்னார். வண்டி கிளம்பியது.

நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, இருவரையும் வெளியே எடுத்துவிட்டார்கள், கணவருக்குக் கால் முறிவு, மனைவிக்குக் காயமில்லை என்று இடது பக்கச் செட்டில் செய்தி வந்தது. அவர் அதைத் திருப்பிச் சொன்னார். சரிதான் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதிலும் வந்துவிட்டது. பிறகும் அந்த அம்மாள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அலைவரிசை நேரம் வீணாவதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.